டிரைவர் முதலில் தூங்கட்டும்

கேள்வி: டாக்டர் சாப் அவர்களுக்கு வணக்கம். நான் வேலூர் மாவட்டத்துக்காரன். கவசப் படையில் தஃபேதாராக இருக்கிறேன். டி-72 டாங்கி ஒன்றின் கமாண்டர். என்னோடு இருபத்து மூன்று வயது டிரைவர் ஒருவனும் பீரங்கியைச் சுடும் முப்பத்து நான்கு வயது கன்னர் ஒருவரும் இருக்கிறார்கள். சென்ற கோடையில் ராஜஸ்தானில் நடந்த பயிற்சியில் மூன்று நாள் டாங்கியை விட்டு நாங்கள் அகலவில்லை. அதில் ஒருமுறை ஏறக்குறைய இருபது மணி நேரம் ஹேட்சை (டாங்கியின் மேல்மூடியை) மூடிக்கொண்டு உள்ளேயே இருந்தோம். மாறி மாறித் தூங்கச் சொன்னேன். நேரம் கொடுத்தும் இருவருக்கும் தூக்கம் வரவில்லை. வரக்கூடாத நேரத்தில் வந்தது. மூன்றாம் நாள் விடியற்காலை வண்டி வரிசை நின்று கிளம்பும்போது டிரைவர் லீவரைப் பிடித்தபடியே தூங்கிவிட்டான். கன்னர் சைட்டில் (குறிபார்க்கும் கருவியில்) நெற்றியை முட்டுக்கொடுத்துத் தூங்கியதில் புருவம் வீங்கிவிட்டது. அவர் விடும் குறட்டையில் ரேடியோவே கேட்பதில்லை. இவர்களுக்கு எப்படி ஓய்வு கொடுப்பது? தூக்க மாத்திரை உதவுமா? என்னைப் பற்றிக் கவலை இல்லை. மூன்று மணி நேரத் தூக்கமும் தேநீரும் எனக்குப் போதும்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்குக் கடைசியில் வருகிறேன். என்னை அதிகம் கவலைப்படுத்திய வரி அதுதான்.

டிரைவரைத் திட்டியிருந்தால் முதலில் அவனைக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லுங்கள். இளம் மருத்துவ அதிகாரியாக ஒரு கவசப் படைப்பிரிவில் நான் இருந்த காலத்தில், இரவு நகர்வின்போது வண்டி வரிசை பத்து நிமிடம் நின்றது. மறுபடி கிளம்பியபோது முன் பாதி போய்விட்டது, பின் பாதி நின்ற இடத்திலேயே நின்றது. நடுவிலிருந்த ஒரு டிரைவர், எஞ்சின் ஓட, கண் திறந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்தவர்கள் முன்வண்டி நகரவில்லையே என்று காத்திருந்து, காத்திருந்தபடியே அவர்களும் தூங்கிப்போனார்கள். அந்தப் பையனுக்குத் தண்டனை கிடைத்தது. அதற்கு முன் எத்தனை மணி நேரம் அவன் விழித்திருந்தான் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் பின்னாளில் தூக்க மருத்துவம் படிக்கப் போனேன் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் முழுப் பொய்யில்லை.

தொடர்ந்து விழித்திருப்பது உடலுக்கு என்ன செய்கிறது என்பதை 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மதுவோடு ஒப்பிட்டு அளந்தார்கள். 24 மணி நேரம் தூங்காதவரின் கையும் கண்ணும், இரத்தத்தில் 0.10 சதவீத மது ஏறியவரைப் போலத் தடுமாறுகின்றன. நம் நாட்டுச் சாலைச் சட்டம் 0.03ஐத் தாண்டினாலே ஸ்கூட்டர்கூட ஓட்டாதே என்கிறது. உங்கள் பையன் ஓட்டியது நாற்பது டன்னுக்கு மேல் எடையுள்ள டாங்கியை.

‘பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது’ என்று ஊரில் சொல்வார்கள். பாதிதான் சரி. நித்திரை சுகம் அறியாமல் வரும். ஆனால் சுகமில்லாமல் நிலைக்காது. உட்கார்ந்தபடி தூங்கும்போது கழுத்துத் தசை தளர்கிறது, தலை சாய்கிறது, சாய்ந்த தலை நம்மை எழுப்பிவிடுகிறது. முதுகு செங்குத்திலிருந்து 40 டிகிரியாவது பின்னால் சாய்ந்தால்தான் படுக்கைத் தூக்கத்துக்கு அருகில் வர முடியும் என்று இருக்கைகளை வைத்துச் செய்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. அமெரிக்க ஏப்ராம்ஸ் டாங்கியின் டிரைவர் ஏறக்குறைய மல்லாந்து படுத்த நிலையில்தான் ஓட்டுகிறார்; ஓய்வு நேரத்தில் அந்த இருக்கைக்குப் போட்டி இருக்கும். உங்கள் டி-72 வேறு மனதோடு செய்யப்பட்டது. எதிரியின் கண்ணுக்குத் தாழ்வாகத் தெரிய வேண்டும் என்பதற்காக உயரத்தைச் சுமார் 2.2 மீட்டருக்குச் சுருக்கினார்கள். இடப்பக்கம் கன்னர், வலப்பக்கம் நீங்கள், நடுவே பீரங்கியின் பின்பகுதி, காலுக்குக் கீழே 22 குண்டுகளை வைத்துச் சுழலும் தட்டு. குண்டை இயந்திரமே ஏற்றுவதால் நான்காவது ஆளும் இல்லை. ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கியில் நான்கு பேர். இடமும் அதிகம், காவல் நேரத்தைப் பகிர இன்னொரு தோளும் உண்டு. உங்களுக்கு அது இல்லை. ஆகவே உங்கள் ஆட்களுக்குத் தூக்கம் வராதது அவர்களின் பலவீனம் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கழுத்துத் துண்டு, தலையணை பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு விதி. பீரங்கியைத் தாங்கிச் சுழலும் டரெட்டின் மின்சாரத்தையும், குலுங்கும்போதும் பீரங்கியைக் குறியில் நிறுத்தும் ஸ்டெபிலைசரையும் அணைக்காமல் டரெட்டுக்குள் யாரும் கண்ணை மூடக்கூடாது. இது உங்களுக்குத் தெரியும், தெரிந்தவர்கள்தான் களைப்பில் மறப்பார்கள். விழித்திருப்பவன் கை விலகும் இடத்தில் தூங்குபவனின் கை சரிந்து கிடக்கும். இரும்பு அதைப் பார்த்துக்கொண்டு நகராது. பீரங்கியை இயக்கத் தயாராக வைத்திருக்க வேண்டிய நிலை என்றால் டரெட்டில் இருக்கும் இருவரும் விழித்திருக்க வேண்டும், டிரைவர் மட்டும் தூங்கலாம். இன்னொன்று: ஓய்வுக்கு நிறுத்தும்போது குழலைச் சற்று ஒருபுறம் திருப்பிவைத்துவிட்டு மின்சாரத்தை அணையுங்கள். குழல் நேர் முன்னால் தாழ்ந்து நின்றால் டிரைவர் தன் ஹேட்ச் வழியாக வெளியேறத் திணற வேண்டியிருக்கும். தன் தலைக்கு மேல் வழி திறந்திருக்கிறது என்று தெரிந்தவன் தூங்குவான். தெரியாதவன் கண்ணை மட்டும் மூடிக்கொண்டிருப்பான்.

இப்போது கழுத்து. நீளமான பருத்தித் துண்டு ஒன்றை இறுக்கமாகச் சுருட்டி, கழுத்தைச் சுற்றி, முடிச்சு பின்னால் வராமல் பக்கவாட்டில் வரும்படி கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். தாடைக்குக் கீழ் மொத்தமாக இருக்க வேண்டும், தொண்டையை அழுத்தக்கூடாது. இடுப்புக்குப் பின்னால் மடித்த ஜாக்கெட். பூட்ஸ் கயிற்றைத் தளர்த்தலாம், கழற்றக்கூடாது. கன்னர் சைட்டில் நெற்றி வைப்பதை மட்டும் தடை செய்யுங்கள். வண்டி ஒரு குலுக்குக் குலுங்கினால் இம்முறை வீக்கம், அடுத்தமுறை கண்.

எவ்வளவு நேரம் தூங்குவது என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். கிடைத்ததைத் தூங்கு என்று விட்டுவிடுவார்கள். தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றாக ஓடுகிறது. முதல் இருபது நிமிடம் மேலோட்டம். அதற்குப் பின் ஆழத்தில் இறங்குகிறது. நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் எழுப்பப்படுபவன் கிணற்றிலிருந்து தூக்கிப் போடப்பட்டவன் போல விழிப்பான். ஆகவே இருபது நிமிடக் கோழித்தூக்கம் கொடுங்கள், அல்லது ஒன்றரை மணி நேரம் முழுதாகக் கொடுங்கள். கோழித்தூக்கத்தை இளப்பமாக நினைக்க வேண்டாம். நீண்ட தூர விமானிகளை வைத்து நாசா செய்த ஆய்வில் 40 நிமிட ஓய்வு கொடுத்தார்கள். சராசரியாக 26 நிமிடம்தான் தூங்கினார்கள், அதற்கே வேலைத்திறன் 34 சதவீதம் கூடியது. எப்படித் தூங்கினாலும், எழுந்தவுடன் லீவரில் கை வைக்க விடாதீர்கள். பதினைந்து இருபது நிமிடம் போகட்டும். முகம் கழுவட்டும், தண்ணீர் குடிக்கட்டும், எண்களைத் திருப்பிச் சொல்லட்டும். அதிகாலை இரண்டு மணியிலிருந்து ஆறு மணிக்குள் எழுப்பினால் இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம். அந்த நேரத்தில் உடல் தானாகவே அடங்கிக் கிடக்கிறது. உங்கள் டிரைவர் தவறியதும் அந்நேரத்தில்தான் என்பதைக் கவனித்தீர்களா?

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தப் பதிலின் சாரம். ஓய்வை ஒரு டாங்கிக்குள் தேடாதீர்கள்; மூன்று டாங்கிகளுக்குள் தேடுங்கள்.

கணக்குப் பாருங்கள். இரவில் ஆறு மணி நேரம் ஓர் இடத்தில் நிற்கிறீர்கள். உங்கள் டாங்கியில் ஒருவர் தூங்க, இருவர் விழித்திருந்தால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது இரண்டு மணி நேரம். அதுவும் ரேடியோ இரைச்சலில், பக்கத்து ஆள் முழங்கை படும் இடத்தில். அதே ஆறு மணி நேரத்தை ட்ரூப் என்ற உங்கள் சிறு பிரிவின் மூன்று டாங்கிகளும் பகிர்ந்துகொண்டால்? ஒரு டாங்கி முழுதாக விழித்திருக்கும். மற்ற இரண்டும் மின்சாரத்தை அணைத்துவிட்டு மொத்தமாகத் தூங்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முறை மாறும். ஆளுக்கு நான்கு மணி நேரம், இரட்டிப்பு. முதலும் கடைசியுமாகக் காவல் நிற்கும் டாங்கிகளுக்கு அது உடையாத நான்கு மணி நேரம். நடுவில் நிற்பவர்களுக்கு மட்டும் இரண்டாய் உடையும். அந்த நடு முறையை இரவுக்கு இரவு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு டாங்கியின் பார்வையும் ரேடியோவும் மற்ற இரண்டுக்கும் போதுமான நிலப்பரப்பில்தான் இது நடக்கும், எதிரி நெருங்கிய நிலையில் நடக்காது. இதற்கு ட்ரூப் லீடரின் உத்தரவும் வேண்டும். அவர் இருபத்து நான்கு வயது லெப்டினன்டாக இருப்பார். தூக்கம் கேட்டால் சோம்பல் என்று நினைப்பார்களோ என்று அவரும் தயங்குவார். ‘ஓய்வு’ என்று கேட்காதீர்கள். ‘காவல் முறைத் திட்டம்’ என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். படையில் தாளுக்கு இருக்கும் மரியாதை வாய்க்கு இல்லை.

அந்தத் தாளில் முதல் தூக்கம் டிரைவருக்கு. பதவி வரிசையை இங்கே தலைகீழாகப் பிடியுங்கள். கன்னர் கண்ணயர்ந்தால் நீங்கள் தட்டி எழுப்பலாம். சுடுவதற்கு முன் இலக்கைச் சொல்வதும் நீங்கள்தான். டிரைவர் கண்ணயர்ந்தால், அவன் தனி அறையில் தனியாக இருக்கிறான், உங்கள் கை அவனுக்கு எட்டாது. நகர்வு தொடங்கும் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி அவன் தூக்கத்தை வையுங்கள். மிச்சமுள்ளதை நீங்களும் கன்னரும் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே தூங்குவதா, வெளியே தூங்குவதா என்ற விவாதம் டாங்கி அளவுக்குப் பழையது. இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்களில் வடமேற்கு ஐரோப்பாவில் பிரிட்டிஷ் டாங்கிப் படையினருக்கு ஏற்பட்ட இழப்புகளைப் பின்னர் ஆராய்ந்தார்கள். அடிபட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், டாங்கிக்கு வெளியே இருந்தபோது அடிபட்டவர்கள். தேநீர் போட, கால் நீட்ட என்று இறங்கியவர்களும் அதில் உண்டு. அந்தக் காலத்திலேயே வந்த செஞ்சூரியன் டாங்கியில் உள்ளேயே வெந்நீர் கொதிக்கவைக்கும் பாத்திரம் வைத்தார்கள்; அன்று முதல் இன்று வரை பிரிட்டிஷ் டாங்கிகளில் அது இருக்கிறது. சிரிப்புக்கிடமான வசதி போலத் தோன்றும். ஆனால் உள்ளே இருக்கும் மனிதனுக்கு வெளியே போக ஒரு காரணத்தைக் குறைப்பது எப்பேர்ப்பட்ட பாதுகாப்பு என்பதை அவர்கள் விலை கொடுத்துக் கற்றிருந்தார்கள்.

பயிற்சியில் குண்டு விழாது. வேறு ஆபத்துகள் உண்டு. ஹார்பரில் (டாங்கிகள் ஒன்றாக நின்று ஓய்வெடுக்கும் இடத்தில்) வெளியே படுக்க அனுமதி கிடைத்தால் டாங்கிக்கு அடியில் யாரையும் படுக்கவிடாதீர்கள். நிழலும் கதகதப்பும் ஆசை காட்டும். ராஜஸ்தான் மணலில் சங்கிலிப் பட்டைகள் இரவோடு இரவாக இறங்கும், எழுந்திருக்க வழியிருக்காது. முன்னும் பின்னும் வேண்டாம். பக்கவாட்டில், மற்ற வண்டிகள் வரும் தடத்துக்கு எதிர்ப்புறமாக, எத்தனை பேர் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று காவலாளிக்கு எண்ணிக்கை தெரியும்படி படுக்கட்டும். எஞ்சினை முடுக்குவதற்கு முன் தலைகளை எண்ணுவது உங்கள் வேலை. பக்கத்தில் ஏதாவது வண்டி எஞ்சின் ஓடி நின்றால், புகைபோக்கி இருக்கும் பக்கம் படுக்கக் கூடாது. ஹேட்சை மூடிக்கொண்டு உள்ளே அடுப்பு எரிக்கவும் கூடாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமில்லை. தூங்குபவனை அது எழுப்புவதுமில்லை.

நெடுநேரம் மடங்கிக் கிடக்கும் கால்களைப் பற்றி ஒரு பழைய சம்பவம். 1940இல் லண்டனில் குண்டுவீச்சுக்குப் பயந்து மக்கள் இரவெல்லாம் பதுங்கிடங்களில் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்தே தூங்கினார்கள். காலையில் எழுந்து நடக்கும்போது சிலர் சுருண்டு விழுந்து இறந்தார்கள். காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்கு ஏறியிருந்ததைப் பிணக்கூறு மருத்துவர் கீத் சிம்ப்சன் கண்டு எழுதினார். நாற்காலிக்குப் பதிலாகப் படுக்கைகளை அமைக்க வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணமானது. உங்கள் ஆட்கள் இளைஞர்கள், ஆபத்து குறைவுதான். என்றாலும் விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு முறை கணுக்காலை மேலும் கீழுமாக முப்பது தடவை அசைக்கச் சொல்லுங்கள். ஹேட்ச் திறக்க அனுமதி வந்தவுடன் முதல் காரியம் இறங்கி நடப்பது, சிகரெட் அல்ல.

தண்ணீர் விஷயத்தைக் கூச்சப்படாமல் பேசிவிடுவோம். மூடிய டாங்கிக்குள் சிறுநீர் கழிக்க வழியில்லை என்று பலர் தண்ணீரே குடிப்பதில்லை. தலைவலி, எரிச்சல், கால் பிடிப்பு, தூக்கமின்மை என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப்பேருக்கு மருந்து தண்ணீர்தான். வாய் அகன்ற, மூடி இறுகும் பிளாஸ்டிக் பாட்டில் ஆளுக்கு ஒன்று, பெயர் எழுதி. கமாண்டர் முதலில் பயன்படுத்தினால் மற்றவர்களுக்குக் கூச்சம் போய்விடும்.

வெயில் காலத்தில் பகல் தூக்கம் ஏறக்குறைய வீண். தூக்கம் வர வேண்டுமானால் உடலின் உள்வெப்பம் சற்று இறங்க வேண்டும், அடுப்பு போன்ற இரும்புப் பெட்டிக்குள் அது எங்கே இறங்கும்? மறைப்பு வலையை டாங்கியின் மேல் ஒட்டி விரிக்காமல் இடைவெளி விட்டு உயர்த்திக் கட்டுங்கள். கழுத்திலும் மணிக்கட்டிலும் ஈரத் துணி. இருந்தாலும், பெரிய தூக்கத்தைப் பாலைவனம் குளிரும் பின்னிரவுக்கு ஒதுக்கி, பகலில் கோழித்தூக்கத்தோடு நிறுத்திக்கொள்வதே மேல். லடாக்குக்கு மாற்றலானால் கதை வேறு. இரும்பு உடலின் சூட்டை உறிஞ்சிவிடும். முதுகுக்கும் இரும்புக்கும் நடுவே நுரைப்பாய் இல்லாமல் யாரும் சாயக்கூடாது.

மாத்திரை கேட்டீர்கள். வேண்டாம். மூடிய ஹேட்சுக்குள், எந்நேரமும் எழ வேண்டிய ஒருவனுக்குத் தூக்க மாத்திரை கொடுப்பது அவனுக்கும் உங்களுக்கும் செய்யும் துரோகம். இருமல் மருந்தும் சளி மாத்திரையும் அந்தக் கணக்கில்தான் வரும். உயரமான மலைப்பகுதியில் தூக்கத்தில் மூச்சு விட்டு விட்டு வரும். அங்கே இன்னும் ஆபத்து. ரம் பற்றியும் கேட்பீர்கள்: சீக்கிரம் தூங்கவைக்கும், சீக்கிரம் எழுப்பியும் விடும், நடுவில் கிடைப்பது நல்ல தூக்கம் அல்ல. படைவீட்டில் உங்கள் விருப்பம், டாங்கியில் கிடையாது.

கன்னரின் குறட்டை நகைச்சுவை அல்ல. ரேடியோவை அமுக்கும் அளவுக்குக் குறட்டை விடுபவர் தூக்கத்தில் மூச்சுத் திணறுகிறாரா என்று பார்க்க வேண்டும். அப்படியானால் எட்டு மணி நேரம் தூங்கவைத்தாலும் களைப்பாகவே எழுவார். படைப்பிரிவு மருத்துவ அதிகாரியிடம் அழைத்துப் போங்கள். மருத்துவத் தரம் குறைந்துவிடுமோ என்று அவர் பயப்படுவார். சிகிச்சை உள்ள நோய் என்று சொல்லுங்கள்.

டிரைவர் விஷயத்தில் எனக்கு இன்னொரு சந்தேகம். நேரம் கொடுத்தும் தூக்கம் வரவில்லை என்கிறீர்களே, அவனை எப்படி எழுப்புகிறீர்கள்? ஹெட்செட்டில் கத்தி எழுப்பும் கமாண்டர்களை நான் பார்த்திருக்கிறேன். விளையாட்டாக ‘ஸ்டாண்ட்-டு’ (சண்டைக்குத் தயாராகு) என்று கூவுபவர்களையும். அப்படி இரண்டு முறை எழுப்பப்பட்டவன் மூன்றாம் முறை தூங்கமாட்டான், எழுப்பப்படுவதற்காகக் காத்திருப்பான். தூங்கப் போகும் முன் எழுப்பும் நேரத்தைச் சொல்லுங்கள். எழுப்பும்போது சாதாரணக் குரலில் பெயரைச் சொல்லி, மணியைச் சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால்கூட எழுப்பாதீர்கள். மூடிய ஹேட்சுக்குள் மூச்சு முட்டுவது போல, நெஞ்சு படபடப்பது போல இருந்ததா என்றும் தனியாகக் கேளுங்கள். மற்றவர்கள் முன்னால் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வான்.

பயிற்சிக்கு முந்தைய வாரம் மூவரும் வழக்கத்தைவிட ஒரு மணி நேரமாவது கூடுதலாகத் தூங்கிச் சேமித்துக்கொள்ளுங்கள். தூக்கத்தை முன்கூட்டிச் சேமித்தால் பின்வரும் பற்றாக்குறையைச் சற்றுத் தாங்கலாம் என்று சோதனைகள் காட்டுகின்றன. முடிந்த பிறகு இரண்டு இரவாவது முழுதாகத் தூங்காமல் யாரும் மோட்டார் சைக்கிளில் விடுப்புக்குக் கிளம்ப வேண்டாம்.

சரி, உங்கள் கடைசி வரி. மூன்று மணி நேரமும் தேநீரும் போதும் என்கிறீர்கள். அமெரிக்காவில் 2003இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ மட்டும் தூங்கவைத்துப் பார்த்தார்கள். முடிவில் அவர்களின் கவனம், ஒன்றிரண்டு இரவு அறவே தூங்காதவர்களின் நிலைக்குச் சரிந்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், தங்களுக்கு லேசான அசதிதான், சமாளித்துக்கொள்கிறோம் என்றே அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உங்கள் சொல்லேதான், தம்பி. சரிவை உணரும் பகுதியும் சேர்ந்தே மழுங்குகிறது. தேநீர் அதை மறைக்கும், தீர்க்காது. குடித்த காஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும். உங்கள் முறை வருவதற்குச் சற்று முன் குடித்தால் உங்கள் தூக்கத்தை நீங்களே திருடிக்கொள்கிறீர்கள். குடித்தே ஆக வேண்டுமானால் கோழித்தூக்கத்துக்குப் படுக்கும்போது குடியுங்கள். அது வேலை செய்யத் தொடங்க இருபது நிமிடத்துக்கு மேலாகும், எழும்போது துணைக்கு வரும்.

டிரைவர் தூங்கிவிட்டதை நீங்கள் எப்போது கவனித்தீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. வரிசை நகர்ந்து எவ்வளவு நேரம் கழித்து? அந்த நேரம் நீங்கள் விழித்திருந்தீர்களா?

அடுத்த பயிற்சிக்கு ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொருவரும் தூங்கிய நேரத்தை நிமிடக் கணக்கில் குறித்துவையுங்கள். முடிந்ததும் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். கமாண்டர் கட்டத்தை முதலில் பார்ப்பேன்.